மாதேஸ்வரி பேரில் உட்கார்ந்த பிள்ளை

நல்லம்பள்ளி,
தர்மபுரி ஜில்லா.
21-11-86

என் அன்பு மகள் பாஞ்சாலிக்கு அம்மா தீர்த்தம்மாள் மனசார வாழ்த்தி எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறை எதுவுமில்லாமல் இருக்கிறோம், பூனாவில் நீயும் மாப்பிள்ளையும் என் கண்ணு மாதேஸ்வரியும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். ராகி அறுப்பு முடிந்து களத்தில் கிடக்கிறது, கடைசி மழை ஏமாற்றிவிட்டதால் கதிர் அவ்வளவு கனமில்லை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, முதல் ரெண்டு நாள் பாலைக் காய்ச்சிச் சீம்பால் செய்தபோது உன்னை நினைத்துக்கொண்டு நானே முக்கால்வாசியைத் தின்றேன், உன் அப்பா அதற்கும் முறைத்தார். அங்கே குளிர் ஜாஸ்தி என்று எழுதியிருந்தாய், பிள்ளைக்குக் காலையில் தலைக்கு ஊற்றாதே, வெயில் ஏறின பிறகு ஊற்று. மாப்பிள்ளை ராத்திரி ஷிப்டு போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போகச் சொல்.

இதெல்லாம் எழுதுவது எனக்குச் சுலபம், எழுத வேண்டியது வேறே. மாதேஸ்வரியின் டி.சி.யைக் கேட்டு நீ எழுதாத கடிதமில்லை, இங்கே படித்துவிட்டு விலகிப் போனாள் என்கிற அந்தச் சீட்டு இல்லாததால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்தும் சேர்க்காமலும் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஆஜர் எடுக்கும்போது எல்லாப் பிள்ளைகள் பேரையும் கூப்பிட்டு இவள் பேரை மட்டும் கூப்பிடுவதில்லை, வீட்டுக்கு வந்து அழுகிறாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். ஹெட்மாஸ்டர் லீவில் இருக்கிறார், ரப்பர் ஸ்டாம்ப் ரிப்பேர், ஆபீசில் கையெழுத்தாகவில்லை என்றெல்லாம் உன் அப்பா சொல்லச் சொல்ல நான்தான் உனக்கு எழுதினேன். அத்தனையும் பொய் பாஞ்சாலி. உன் பிள்ளைக்கு டி.சி. கொடுக்கக் கூடாது என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லி நிறுத்தி வைத்ததே உன் அப்பாதான். அது எனக்கும் தெரியும். உன்னிடம் இதை எந்த முகத்தோடு சொல்வதென்று தெரியாமல்தான் தீபாவளிக்குக்கூட நாலு வரியோடு நிறுத்திவிட்டேன்.

ஏன் இப்படிச் செய்தார் என்றால் எல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துத் தலைக் கணக்குக்காக. நீ படித்த காலத்தில் உட்கார இடமில்லாமல் வேப்பமரத்தடியில் வகுப்பு நடந்தது உனக்கு ஞாபகமிருக்கும். இப்போது நம் சனங்கள் ஒன்று ரெண்டு பிள்ளையோடு ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள், அந்த ஒன்றையும் தர்மபுரியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள், டையும் ஷூவுமாகப் பிள்ளைகள் ரோட்டு முனையில் நிற்பதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் பிள்ளைகளே இல்லை என்று சொல்ல முடியாது. கரட்டில் கல் குவாரி வந்த பிறகு கல் உடைக்கிற தெலுங்குக்காரர்கள், கொள்ளேகாலத்துப் பக்கமிருந்து வந்த கன்னடக்காரர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், லாரி ரிப்பேர் பார்க்கிறவர்கள் என்று அந்தப் பக்கம் புதுசாக ஒரு ஊரே உண்டாகிவிட்டது, குடிசைக்கு நாலு பிள்ளை. அவர்கள் வந்து சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவராக உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, வயசு சர்டிபிகேட் இல்லை, நாளைக்கே மூட்டை கட்டிக்கொண்டு போகிற சனம், அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார். குவாரிப் பிள்ளைகளைச் சேர்த்தால் மிச்சமிருக்கிற நம்மவர்களும் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிடுவார்கள் என்று பயம். சேர்க்காமலேயே ஏற்றிவிட்டார்கள், அது வேறே கதை.

பிள்ளைகள் குறைந்தால் ஒரு வாத்தியார் போஸ்டைத் தூக்கிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. செல்லம்மாள் டீச்சர்தான் கடைசியாக வந்தவர், அவரைத்தான் மாற்றுவார்கள், இருக்கிற ரெண்டு பேரை வைத்துக்கொண்டு அஞ்சு வகுப்பு நடத்த முடியாது. அதனால் வேனில் போகிற பிள்ளைகள் பேரையும் இங்கே அடிக்காமல் வைத்துக்கொண்டு தினமும் ஆஜர் போட்டுக்கொண்டே வந்தார்கள். பூனாவுக்குப் போன உன் பிள்ளையும் இந்த ஊர்க் கணக்கில் தினமும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருந்தாள். போன மாசம் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஏ.இ.ஓ. வருகிறார், தலையை எண்ணுவார் என்று தெரிந்தது. உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனார். சேர்க்க மாட்டேன் என்று வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பின அதே பிள்ளைகளை ஒரு நாளைக்கு அனுப்புங்கள், சத்துணவு போடுகிறோம் என்று கேட்டு அழைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் இப்படித்தான் ஒருத்தருக்கொருத்தர் பிள்ளைகளை மாற்றிக்கொள்கிறார்களாம், ஊரோடு ஒத்துத்தானே செய்தோம் என்கிறார்.

அவர் செய்ததை மட்டும் சொல்லிவிட்டு நான் நல்லவளாக நின்றுகொள்ளப் போவதில்லை. லாரி மெக்கானிக் நூர் பாஷா என்று ஒருத்தர் குவாரியில் இருக்கிறார், அவர் சம்சாரம் ரோஷன் பீ நம் வீட்டில்தான் பால் வாங்குகிறாள். அவள் மகள் ஷகிலா சாயங்காலம் சொம்பை எடுத்துக்கொண்டு வருவாள், மாதேஸ்வரி வயசுதான் இருக்கும், கன்றுக்குட்டியை விட்டுப் போகவே மாட்டாள், வீட்டில் உருதுதான் பேசுவார்கள் என்றாலும் என்னிடம் நம்ம பேச்சு நன்றாகவே பேசும். மாதேஸ்வரிக்குப் பதிலாக அந்தப் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று சொன்னதே நான்தான். நீ விட்டுப்போன மாதேஸ்வரியின் பள்ளிக்கூடப் பாவாடை சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன், அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னினேன். மாதேஸ்வரி பேரைக் கூப்பிட்டால் எழுந்து உள்ளேன் டீச்சர் என்று சொல்ல வேண்டும், யாராவது ஷகிலா என்று கூப்பிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, இங்கே உன் பேர் மாதேஸ்வரிதான் என்று சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்தேன். அப்புறமும் பார்த்தால் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சாந்துக் கிண்ணத்தை எடுத்து நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன் பாஞ்சாலி. அந்தப் பிள்ளைக்கு அது வழக்கமில்லை என்று எனக்குத் தெரியாதா. தெரிந்துதான் வைத்தேன், வைத்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று கன்னத்தை வேறே வழித்துத் திருஷ்டி கழித்தேன்.

ஏ.இ.ஓ. வந்தார், எண்ணினார், உன் பேர் என்ன பாப்பா என்று இவளையே கேட்டார். மாதேஸ்வரி என்று கணீரென்று சொன்னாளாம், தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாராம். போஸ்டு நிலைத்தது. உன் அப்பா ஜெயித்த முகத்தோடு வந்து காப்பி கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பாலுக்கு வந்தபோது ஷகிலாவின் நெற்றி தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி பாலை ஊற்றினேன்.

மறுநாள் காலையில் ரோஷன் பீயே வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டேன். அவளோ பாவாடை சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள், பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புள்ளையச் சேத்துக்கிட்டீங்கன்னு இவங்கப்பா ராவெல்லாம் சந்தோசப்பட்டாருங்க, இன்னிக்கி எத்தனை மணிக்கு அனுப்பட்டுமுங்க என்று கேட்டாள். குவாரிப் பிள்ளைகளெல்லாம் அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார்களாம், நேற்று சாப்பிட்ட இடம் இன்றைக்கும் நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு. சேர்க்கவில்லை ரோஷன், ஒரு நாளைக்குத்தான் என்று நான் சொன்னேன், அதை வாயால் சொல்லும்போது எனக்கே காது கூசியது. அவள் மடித்த துணியை என் கையில் கொடுத்தாள். அப்புறம் மெதுவாக, எங்க பேரு எடைஞ்சலா இருந்தா அந்தப் பேருலயே இருக்கட்டுமுங்கம்மா, படிச்சாப் போதும் என்றாள். பிள்ளைக்கு வைத்த பேரை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு தாய் என் வாசலில் நின்று கேட்கும்படி செய்துவிட்டேனே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊர் தெரியாத ஊரில் உன் பிள்ளையும் இப்படித்தானே நிற்கிறாள், அங்கே அவள் பேரைக் கூப்பிட ஆளில்லை, இங்கே பேரைக் கூப்பிடுகிறார்கள், ஆள் இல்லை. ரெண்டுக்கும் காரணம் நம் வீடுதான்.

அன்றைக்கு ராத்திரி உன் அப்பாவிடம் சொன்னேன். இந்தப் பிள்ளைகளை முறையாகச் சேர்த்திருந்தால் கணக்கு தானாக நிறைந்திருக்குமே, இந்தத் திருட்டு வேலை எதற்கு என்று கேட்டேன். ஊர்க்காரனுக்குத் தலைவனாக இருந்து பார், தெரியும் என்று கத்தினார். கத்தியதும் படுத்துக்கொண்டார், தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்த ரெண்டு வாரம் நானும் தைரியமில்லாமல்தான் இருந்தேன், அதையும் மறைக்கவில்லை. போன திங்கட்கிழமை அவர் பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஷகிலாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் சென்னப்பனிடம் போனேன். சர்டிபிகேட் இல்லை என்று ஆரம்பித்தார். அப்படியானால் நான் பஸ் ஏறி ஏ.இ.ஓ.விடம் போய் இந்தப் பிள்ளைக்குப் பொட்டு வைத்தவள் நான்தான் என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். சேர்த்துக்கொண்டார். மற்றப் பிள்ளைகளைப் பிறகு பார்ப்போம் என்கிறார், அவர்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள், அதற்கும் ஒரு வழி பண்ணாமல் விடமாட்டேன். உன் அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசி நாலு நாளாகிறது, சோற்றை மட்டும் சாப்பிடுகிறார்.

மாதேஸ்வரியின் டி.சி.யையும் அன்றைக்கே கேட்டேன். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் எழுதினால்தான் கொடுக்க முடியும், அதற்குப் பிறகுதான் பேரை அடிக்க முடியும் என்கிறார். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே மாப்பிள்ளையைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஹெட்மாஸ்டர் பேருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு, தாமதம் செய்யாதே. உன் பிள்ளைக்காக மட்டும் சொல்லவில்லை. ஷகிலாவைச் சேர்த்த அன்றைக்கு நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லம்மாள் டீச்சர் ஆஜர் எடுத்தார். மாதேஸ்வரி என்று கூப்பிட்டதும் இந்தப் பிள்ளை எழுந்து உள்ளேன் டீச்சர் என்றது. நீ இல்லை, உட்கார் என்றார் டீச்சர். கடைசியில் புதுப் பேராக ஷகிலா என்று கூப்பிட்டார். வாயைத் திறக்கவில்லை. டீச்சர் மறுபடியும் மறுபடியும் கூப்பிடுகிறார், இது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற மாதிரி ஜன்னலில் என்னையே பார்க்கிறது. சொல்லு கண்ணு என்று சொல்லாமல் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன் பாஞ்சாலி. இன்றைக்குக் காலையிலும் அப்படித்தானாம்.

உன் கோபம் எதுவானாலும் எனக்கு எழுது, அப்பாவுக்கு எழுதாதே, அவர் தாங்கமாட்டார். மாதேஸ்வரிக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மறந்துவிடாதே.

இப்படிக்கு
தலைகுனிந்து எழுதும் உன் அம்மா
தீர்த்தம்மாள்