காதோடு பேசினவள்

சந்தாபுரா
14-6-1999

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பாகீரதி எழுதிக்கொள்வது. நானும் வயிற்றில் இருப்பதும் சுகம். நீங்கள் ரொம்பவே சுகமாக இருப்பதாக என் தம்பி முனிராஜ் வந்து சொன்னான்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. சந்தாபுரா என்ன சீமையிலா இருக்கிறது? தொம்மலூரிலிருந்து இரண்டு பஸ். வந்தது ஒரே தடவை. போனிலாவது பேசலாமென்று வீட்டு ஓனர் தனக்கோடியம்மா நம்பருக்குக் கூப்பிட்டால், அரை நிமிஷத்தில் "லைன் சரியில்லை, லெட்டர் போடு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதே லைனில் தனக்கோடியம்மா பேசுவது எனக்குக் கணீரென்று கேட்கிறது.

போன புதன்கிழமை என் தம்பி உங்களைக் காக்ஸ் டவுன் பஸ் ஸ்டாப்பில் பார்த்திருக்கிறான். நீலச் சேலை கட்டின ஒருத்தி உங்கள் காதோடு வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாளாம். நீங்களும் தலையைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டு நின்றீர்களாம். இவன் இரண்டு தடவை "மாமா" என்று கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு சக்களத்தி உண்டு, பப்பில் நீங்கள் பாட்டுப் போடுகிற அந்த இரண்டு தட்டு மிஷின். ராத்திரியெல்லாம் அவளுக்கு, நீங்கள் தூங்குகிற பகல் எனக்கு. ஊருக்கு டிஜே, நமக்குப் புருஷன் என்று பொறுத்துக்கொண்டேன். இன்னொருத்தியைப் பொறுக்க மாட்டேன். யார் அவள்? பெயரை எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாகீரதி


தொம்மலூர்
18-6-1999

அன்புள்ள பாகீ,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

அவள் பெயர் டோரதி. காக்ஸ் டவுனில் ஒரு காது கிளினிக்கில் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் பார்க்கிறவள். ஏப்ரலிலிருந்து உனக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறேன். என் இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது. ஏழு வருஷமாக ஹெட்போனை அழுத்திப் பிடித்தது அந்தக் காதில்தான். வலதும் கொஞ்சம் மந்தம். உள்ளே ஒரு விசில் சத்தம் ஓயாமல் ஓடுகிறது. போனில் உன் குரல் வருகிறது, வார்த்தை வருவதில்லை. அதனால்தான் லெட்டர் போடு என்றேன். ரோட்டில் காதோடு வந்து பேசினால்தான் எனக்குப் புரியும். முனிராஜ் கூப்பிட்டது சத்தியமாகக் கேட்கவில்லை.

இருக்கிற காதைக் காப்பாற்ற, காதுக்குள் மாவு மாதிரி ஒன்றை விட்டு அச்செடுத்து, அடைப்பான் செய்து தருகிறார்கள். பாட்டு அப்படியே கேட்கும், சத்தம் மட்டும் குறையும். அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். நீ கவலைப்படாதே.

பொறாமை உனக்கு மட்டும் சொந்தமில்லை. பப்பில் அருண்குமார் என்று புதிதாக ஒரு டிஜே வந்திருக்கிறான். அவ்வளவு சத்தத்தில் நாலாவது மேஜைக்காரன் என்ன பாட்டுக் கேட்கிறான் என்று சரியாகச் சொல்கிறான். அவன் காதைப் பார்த்தாலே என் வயிறு எரிகிறது. முதலாளி சனிக்கிழமையை அவனுக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். என் காது விஷயம் தெரிந்தால் யோசிக்கவே மாட்டார். யாரிடமும் சொல்லிவிடாதே.

உன்
பிரகாஷ்


சந்தாபுரா
29-6-1999

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நேற்று முனிராஜைக் கூட்டிக்கொண்டு, ஒன்பது மாத வயிற்றோடு காக்ஸ் டவுன் போனேன். நீங்கள் எழுதியதை நம்பாமல்தான் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன்.

டோரதி என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தாள். மேலே உங்கள் பெயர். மே மாதமே செய்து வந்துவிட்டதாம். சோதனைக்கு வருகிறபோதெல்லாம் வாங்காமலே போய்விடுகிறீர்களாம். அன்றைக்கு பஸ் ஸ்டாப் வரை வந்து அவள் காதோடு சொன்னதும் அதைத்தானாம்.

"லெஃப்ட் போனது போனதுதாம்மா, திரும்பாது. ரைட்டும் இப்படியே போச்சுன்னா பக்கத்துல உக்காந்து நீங்க கத்தணும். நான் சொன்னா கேக்கமாட்டேன்றார், நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள்.

போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன் என்று எழுதினீர்களே, எந்த வாயால் எழுதினீர்கள்? பொம்மசந்திராவில் முனிராஜ் வேலை செய்யும் பேக்டரியில் காதடைப்பான் இல்லாமல் வந்தவனை சூப்பர்வைசர் மிஷின் பக்கமே விடமாட்டாராம். அங்கே யாரும் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை.

ஒன்று சொல்கிறேன். அவளிடம் எந்தத் தப்பும் இல்லை, தங்கமான பொம்பளை. ஆனாலும் என் பொறாமை தீரவில்லை. அவளுக்கு ஏப்ரலில் தெரிந்தது எனக்கு ஜூனில் தெரிகிறது. உங்கள் காதைப் பற்றி அவள் ஒரு பைல் வைத்திருக்கிறாள். பெண்டாட்டி நான், எனக்கு ஒன்றும் தெரியாது.

டப்பா என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமை பப்புக்குப் போகாதீர்கள். வெறும் காதோடு போய் நின்றால் நான் குழந்தையோடு தொம்மலூருக்கு வரமாட்டேன். அந்தத் தட்டுக்காரியோடேயே குடித்தனம் நடத்துங்கள்.

பாகீரதி


தொம்மலூர்
5-7-1999

அன்புள்ள பாகீ,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்தது. நான் வரவில்லை. சனிக்கிழமை வெறும் காதோடுதான் நின்றேன்.

அன்றைக்குப் பாதி நேரம் எனக்கு, பாதி அருண்குமாருக்கு. யாருக்குக் கும்பல் ஆடுகிறதோ அவனுக்கே இனிமேல் சனிக்கிழமை என்று முதலாளி சொல்லியிருந்தார். காதில் அடைப்பானைப் பார்த்தால் செவிடன் என்று சிரிப்பார்களோ என்று பயம். அவனை ஜெயிக்க வேண்டுமென்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன். ஜெயித்தேன். முதலாளி தோளில் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தபோது கதவுத் தாழ்ப்பாள் குதித்துக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. திறந்தால் தனக்கோடியம்மா. அவர் வாய் மட்டும் அசைந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக் காட்டினார். பெண் குழந்தை, சனிக்கிழமை ராத்திரி ஒன்பதே கால், தாயும் சேயும் நலம், முனிராஜ் போன் செய்தான் என்று. ஒன்பதே காலுக்கு நான் சத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று டோரதியிடம் போனேன். வலது காது கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், இரண்டு வாரம் போனால்தான் தெரியும் என்று அவளும் எழுதித்தான் காட்டினாள். அங்கிருந்து நேரே பப்புக்குப் போய், சனிக்கிழமையை அருண்குமாருக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். இதை உன்னைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. நீ தொம்மலூருக்கு வரமாட்டேன் என்றது நியாயம். நான் அங்கே வரலாமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

பிறந்ததும் குழந்தை அழுதிருக்கும். உன் அம்மா கேட்டிருப்பார். வெளியே நின்ற முனிராஜ் கேட்டிருப்பான். பக்கத்துக் கட்டில்காரிகூடக் கேட்டிருப்பாள். அத்தனை பேர் மேலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, பாகீ.

பிரகாஷ்