கொளகேரி என்று நானே சொன்னேன்

4 ஆகஸ்ட் 1998
நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ரோடு வருகிறதாம். ஒக்கலிபுரம் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் பம்ப்ஹவுஸ் காலனியில் நாற்பத்தெட்டு வீட்டையும் ஆறு மாதத்தில் காலி செய்யவேண்டுமாம். என் புருஷன் போய்ச்சேர்ந்தபிறகு எனக்கும் என் மகள் குளோரியாவுக்கும் இருப்பது இந்த ஓர் அறைதான். வெளியே பத்து மாத வாடகையை அட்வான்ஸ் கேட்கிறார்கள். பீன்யா கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் தையல் மிஷின் மிதிக்கிறவளுக்கு அது நடக்கிற காரியமா?

9 ஆகஸ்ட்
காலனி சங்கத் தலைவர் சண்முகம் அண்ணன் வீட்டில் கூட்டம். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வக்கீல் நோராம்மா வந்தார்கள். அரசாங்கம் எங்கள் இடத்தைக் கொளகேரி, அதாவது குடிசைப்பகுதி, என்று அறிவித்துவிட்டால் மாற்று வீடு தராமல் யாரையும் கிளப்பமுடியாதாம். சட்டசபைக்கு மனு போட்டால் எம்.எல்.ஏ.க்கள் குழு நேரில் பார்க்க வருமாம்.

கன்னடத்தில் எழுதத் தெரிந்த செயலாளர் நான்தானே. "வசதி குறைந்த காலனி" என்று எழுதினேன். நோராம்மா அதை அடித்துவிட்டு "கொளகேரின்னு எழுதும்மா" என்றார்கள். எழுதினேன். கை கூசியது. ஃபாக்டரியில் வீடு எங்கே என்று கேட்டால் "ஸ்டேஷன் பக்கம்" என்றுதான் சொல்லுவேன்.

17 அக்டோபர்
திங்கட்கிழமை குழு வருகிறது. பெரிய மனுஷர்கள் வரும்போது வீடு அலங்கோலமாகவா கிடப்பது? எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினேன். தெரு முழுக்கச் சுண்ணாம்பு. சாக்கடைமேல் பலகை. நாறுகிற இரண்டு கக்கூசுக்கும் அன்றைக்கு மட்டும் பூட்டு. எதிர்வீட்டுச் சந்திரம்மா போட்ட கோலம் கண்ணைப் பறிக்கிறது.

19 அக்டோபர்
வந்தார்கள். காபி, பிஸ்கட் கொடுத்தோம். கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. "சென்னாகிதெ, நல்லா இருக்கு, சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்றார் ஒருவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் போனதும் கக்கூஸ் பூட்டைத் திறந்துவிட்டேன்.

2 டிசம்பர்
நோராம்மா குழுவின் அறிக்கையைப் படித்துக் காட்டினார்கள். இடம் சுத்தமாக இருக்கிறதாம். ஜனங்கள் ஓரளவு வசதியாம். கொளகேரி என்று அறிவிக்கத் தேவையில்லையாம்.

சண்முகம் அண்ணன் எழுந்து போய்விட்டார். சந்திரம்மாதான் கேட்டாள்: "நம்ம நாத்தத்தை மூடிவச்சு நாமளே கெட்டோமே பவுலின். உன் ரோஷத்துக்கு நாப்பத்தெட்டு வீடா?"

நான்தானே பூட்டினேன். சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு. பாவி, பாவி.

11 ஜனவரி 1999
கெடு முடிய மூன்று வாரம். குழுவின் முன்னால் ஒருவர் பேசலாம் என்று நோராம்மா அனுமதி வாங்கிவிட்டார்கள். யார் பேசுவது என்ற கேள்விக்கு எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

28 ஜனவரி
விதான சவுதா, சட்டசபைக் கட்டடம். நாற்பத்தெட்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ் என்றேன். விடியுமுன்னே பொம்பளைகள் வாளியோடு வரிசையில் நிற்பதைச் சொன்னேன். போன மழையில் சாக்கடைத் தண்ணி கட்டில்வரை ஏறியதையும், குளோரியா புத்தகப்பையைத் தலையில் வைத்து நின்றதையும் சொன்னேன்.

"அன்னைக்கு நாங்கதான் மறைச்சோம் சார். விருந்தாளிங்க வர்றாங்களேன்னு. நான்தான் மறைக்கச் சொன்னேன். நாங்க இருக்கிறது கொளகேரி."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவை. வயசான குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். குழு மறுபடி பார்த்து முடிவு சொல்லும்வரை யாரும் வீட்டை இடிக்கக்கூடாது என்றார். "இந்தத் தடவை சொல்லாம வர்றோம்மா." வெளியே பேப்பர்க்காரர் போட்டோ எடுத்தார்.

30 ஜனவரி
பேப்பரில் வந்த போட்டோ ஃபாக்டரிக்கும் வந்துவிட்டது. மிஷின் லைன் முழுக்கக் கை மாறியது. தலை நிமிரவே முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மிஷின் யூனிஸ் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, எங்க ஏரியாவுக்கும் மனு எழுதிக் குடுப்பீங்களா?"

இத்தனை வருஷமாக அவளும் "யஷ்வந்த்பூர் பக்கம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

15 பிப்ரவரி
சொல்லாமல் வந்தார்கள். நாங்கள் எதையும் மூடவில்லை. ஒருவர் மூக்கைப் பொத்தினார். பொத்தட்டும்.

20 ஏப்ரல்
கொளகேரி என்று அறிவித்து அரசாணை வந்துவிட்டது. எங்களை இனி யாரும் சும்மா கிளப்பமுடியாது. சண்முகம் அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

23 ஏப்ரல்
கொளகேரி போர்டு ஆபீஸ் ஆட்கள் இரண்டுபேர் தகரப் பலகை கொண்டுவந்தார்கள். மஞ்சளில் பெரிய கறுப்பு எழுத்து: அறிவிக்கப்பட்ட கொளகேரி. அதை அடிக்கத் தெருமுனையில் சுவர் வேண்டுமாம். முனை வீட்டுக்காரர், பெண் பார்க்க வருகிற நேரம் வேண்டாம் என்றார். சந்திரம்மாவும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இங்க அடிங்க" என்று என் வாசல் சுவரைக் காட்டினேன்.

ஆணி இறங்கும்போது உள்பக்கம் காரை உதிர்ந்தது. பெருக்கி அள்ளிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.