கண்ணாடி மாற்றச் சொன்னவளுக்கு

அன்பிற்குரிய தங்கைக்கு,

உன் நலமும் உன் வயிற்றில் வளரும் குழந்தையின் நலமும் வேண்டி அக்கா எழுதுவது. என் கடிதங்களின் செந்தமிழுக்கு எழுந்து நின்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது என்று கேலி செய்வாய். இதை உட்கார்ந்தே படி. கால் வீங்கியிருக்கும் நேரம்.

பிரசவத்துக்கு வருவாயா என்று தொலைபேசியில் மீண்டும் மீண்டும் கேட்கிறாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிடுகிறேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன். எழுத்தில் என் குரல் எனக்குக் கட்டுப்படும்.

சென்ற முறை வந்திருந்தபோது, கிழமை வாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டிகளை வாங்கி வந்தாய். மனச்சோர்வுக்காக நான் விழுங்கிவரும் மாத்திரைகளை, ஊருக்குப் புறப்படும் முன் நீயே அவற்றில் நிரப்பிவைத்தாய். "இனிமே அட்டையைத் தேடி அலைய வேண்டாம்கா" என்றாய். இப்படி ஒருத்தி உடன்பிறக்க என்ன தவம் செய்தேன் என்று உன் அத்தானிடம் பெருமை பேசினேன்.

நீ விமானம் ஏறிய வாரத்திலேயே தொடங்கியது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் சொடுக்கும். ஊசியில் நூல் கோப்பதற்குள் தையல் அறையே படகுபோல் ஆடும். மருத்துவமனைச் சீருடைகளுக்குச் சட்டைக்கை வெட்டும்போது, துணியைத் திருப்பிப் போட மறந்து, அத்தனையையும் இடக்கையாகவே வெட்டித் தள்ளினேன். பொத்தான் தைக்கும் பெண், "ஏங்க்கா, அந்த ஆஸ்பத்திரியில யாருக்குமே வலது கை கிடையாதா?" என்று கேட்டாள். எல்லோருடனும் சேர்ந்து சிரிக்கத் தொடங்கிய நான், அது அழுகையாக மாறியதை அடக்க மாட்டாமல், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இவற்றையெல்லாம் ஒன்று விடாமல் உன்னிடம் சொன்னேன். "கண்ணாடி பழசாயிடுச்சுக்கா, மாத்திப் பாரு" என்றாய். மாற்றினேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாய். குடித்தேன். மாத்திரையையும் மீறிப் பழைய நோய் திரும்பிவிட்டது, இனி எனக்கு மீட்சியில்லை என்று விம்மியபோது மட்டும் நீ சற்று நேரம் பேசவில்லை. என் துயரம் தாளாமல் வாயடைத்துப் போனாய் என்று எண்ணி, உனக்கு நான் ஆறுதல் சொன்னேன்.

மருத்துவர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது நான் எழுதிக் கொடுத்தது இல்லையேம்மா, வெறும் சத்து மாத்திரையாச்சே இது" என்றார். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு இப்படித்தான் அலறும் என்றும், எனக்கு வந்தது பழைய நோய் அல்ல என்றும் விளக்கினார். பெட்டியை நிரப்பியது யார் என்று கேட்டார். என் தங்கை என்று சொல்லாமல் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உன்னிடம் கேட்டபோது நீ மறைக்கவில்லை. "சொல்லிட்டு நிறுத்தினா பயத்துலயே உனக்கு எல்லாம் வரும்க்கா. தெரியாம நிறுத்தினா உடம்பு தானா பழகிக்கும்னு நெனச்சேன். மாத்திரையை நம்பி வாழற ஆளா நீ? புலிக்கா நீ!" என்றாய்.

அந்த மருந்திலிருந்து விடுபட எனக்கும் ஆசை உண்டு. மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்கப் போகிறேன் என்று நீ வந்திருந்தபோது முதலில் உன்னிடம்தான் சொன்னேன். இப்போது மறுபடியும் பழைய அளவிலிருந்து தொடங்கியிருக்கிறேன். தலைச் சொடுக்கு அடங்கிவருகிறது.

மாத்திரையை மாற்றியதை அறியாமை என்று சொல்லி மன்னிக்க முடிகிறது. தலைக்குள் இடி விழுகிறது என்று நான் கதறியபோது, காரணம் தெரிந்தும் கண்ணாடிக் கடைக்கு வழி காட்டினாயே, அதை என்ன பெயர் சொல்லி மன்னிப்பேன்? என் புத்தியையே நான் சந்தேகித்தேன், குட்டி. இனி உன் கையால் ஒரு குவளைத் தண்ணீர் வாங்கினாலும் முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பேன். அப்படிப்பட்டவள் உன் பிரசவ அறையில் எதற்கு?

ஆகவே நான் வரவில்லை. குழந்தைக்கான சட்டைகளை உன் அத்தான் அனுப்பிவைப்பார். பிஞ்சு உடம்பை உறுத்தாதபடி தையலை வெளிப்புறம் வைத்திருக்கிறேன். தவறு என்று நினைத்துத் திருப்பிப் போட்டுவிடாதே.

உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். வலிக்கிறது என்று நீ சொல்லும்போது, உடனிருப்பவர்கள் அந்த நொடியே உன்னை நம்பட்டும்.

இங்ஙனம்,
உன் அக்கா