உடைந்த கல்லைச் சோதிக்கச் சொல்லவில்லை

9 ஜூன் 1990

அன்புள்ள அக்காவுக்கு,

புது வீட்டின் முன்னறையில் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாற்காலி இன்னும் வரவில்லை. பாப்பா சுவரைத் தட்டித் தட்டி, "இது யாரு செஞ்சது?" என்று கேட்கிறாள். "கல்லு செஞ்சது அப்பா, பாஸ் போட்டது அத்தை" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மூன்று வயதுக்கு அது போதும்.

உன் பரிசோதனைக் கூடத்திலிருந்து நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாள் முதல் எங்கள் ஆலைக்கு மூச்சுவிட நேரமில்லை. சுரங்கத்துக் கழிவுமண்ணில் சிமெண்டைக் கலந்து அச்சில் அடித்த கல் என்றதும் முதலில் ஒருத்தரும் தொடவில்லை. குப்பையிலா வீடு கட்டுவது என்றார்கள். இப்போது எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடும் அந்தக் கல்தான். "எங்க அக்காவே சோதிச்சுப் பாத்த கல்லு" என்று நான் சொன்னால் போதும். பக்கத்து வீட்டு வெல்டர் மட்டும் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "கூடப் பொறந்தவனுக்குக் கெடுதல் பண்ணுவாங்களா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சம்மதித்தார்.

தெருவுக்குப் பின்னால் அந்தக் கழிவுமேடு சரிந்து நான்கு வீடுகளை மூடிய வருஷத்திலிருந்து, மழை வந்தாலே இங்கே யாரும் தூங்குவதில்லை. இப்போது தினமும் கல்லுக்காக அதை வெட்டி லாரியில் ஏற்றுகிறோம். மேட்டின் உயரம் கண்ணெதிரே இறங்குகிறது. என்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். ஒருமுறை வந்து வீட்டைப் பார்.

அன்புத் தம்பி


30 ஜூன் 1990

அன்புள்ள தம்பிக்கு,

சூப்பர்வைசர் ஐயாவுக்கு என் வணக்கம். மூன்று கல்லைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தாயே, கண்டக்டர் "பையில என்ன, பொணமா?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லி உன் மாமா இன்னும் சிரிக்கிறார்.

அந்த மேடு குறைகிறது என்ற வரியை உன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். அதற்காகவே இந்தக் கல் நன்றாக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு சோதித்தேன். ஆனால் ஒன்று. நான் கொடுத்தது மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தைப் படித்தாயா? உங்கள் கம்பெனி கேட்டது முழுக் கல்லின் பலம், சாதாரணத் தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்பது. அதில் கல் தேறியது. உடைந்த கல்லைச் சோதிக்கச் சொல்லவில்லை. அதனால் வெளிச்சுவருக்குப் பூச்சு அவசியம், உடைசலைக் கிணற்றுப் பக்கமோ பள்ளத்திலோ கொட்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் சொல்லிவிடு.

பாப்பாவுக்கு முத்தங்கள்.

உன் அக்கா


4 மார்ச் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வருஷம் கழித்து வந்தாய். ஒரு ராத்திரிகூடத் தங்காமல் ஓடினாய். பாப்பா மறுநாளும் வாசலில் போய்ப் பார்த்தாள். என் வீட்டுக்காரி, "அண்ணிக்கு நம்ம வீடு பிடிக்கலையோ" என்று கேட்டுக்கேட்டு என் உயிரை எடுக்கிறாள்.

உடைசலைப் பற்றி என்னவோ முணுமுணுத்தாய். ஆலையில் அச்சு சரியில்லாத கல்லை மலையாகக் குவித்து என்ன செய்வது? தெருவுக்கே கொடுத்துவிட்டோம். மழைக்காலத்தில் முழங்கால் சேறு கிடந்த பாதை இப்போது செருப்பு நனையாமல் நடக்கும்படி இருக்கிறது. கிணற்றைச் சுற்றியிருந்த பள்ளத்தையும் பள்ளிக்கூடத்துத் திடலையும் அதை வைத்தே மேடாக்கினோம். மூன்றாம் பக்கத்தைப் பற்றி மேனேஜரிடம் அப்போதே கேட்டேன். "அது படிச்சவங்க படிச்சவங்களுக்கு எழுதிக்கிறதுப்பா" என்றார்.

நீ பயப்படுவது மாதிரி ஒன்றுமில்லை. பின்னால் இருக்கும் குட்டையைப் பார்த்தாயே, தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஒரு பாசி கிடையாது. தவளைச் சத்தம்கூட ஓய்ந்துவிட்டது.

போகும்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் ஏன் பிடித்துக்கொண்டு போனாய்? பஸ்ஸில் குடிக்க என்றாய். உன் முகம் அப்படிச் சொல்லவில்லை.

தம்பி


26 மார்ச் 1993

அன்புள்ள தம்பிக்கு,

குடிக்க எடுக்கவில்லை. நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய்.

உங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது. விஷம். இருக்கலாம் என்று அனுமதித்த அளவைப்போல் எட்டு மடங்கு. நம்பாமல் மூன்று முறை சோதித்தேன். உன் வீட்டு வாசலில் பொறுக்கி வந்த உடைசலையும் பொடித்துப் பார்த்தேன். கல் முழுதாக இருக்கும்வரை விஷம் சிமெண்டுக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. நொறுங்கினால் ஒவ்வொரு துண்டும் அதைக் கக்குகிறது. உருக்காலைப் புகையால் உங்கள் ஊர் மழையில் அமிலப் புளிப்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஊறவைத்தபோது இன்னும் அதிகமாக வந்தது. மேட்டில் ஓரிடத்தில் கிடந்ததை எடுத்துத் தெரு முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறோம். பாசி பிடிக்காத, தவளை இல்லாத தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லையடா. அதில் எதுவும் உயிரோடு இருக்க முடியவில்லை.

காய்ச்சினாலும் போகாது. இன்றோடு குடிப்பதை நிறுத்துங்கள். தெருவில் எல்லோருக்கும் சொல். கிணற்றைச் சுற்றிக் கொட்டியதை அள்ளச் சொல். கம்பெனிக்கும் எழுதியிருக்கிறேன்.

பாப்பாவின் உள்ளங்கையை, பாதத்தைப் பார். தோல் தடித்தோ புள்ளி விழுந்தோ இருந்தால் உடனே எழுது.

அக்கா


11 ஏப்ரல் 1993

அக்காவுக்கு,

உன் கடிதம் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, "உங்க அக்காவுக்கு நம்ம மேல என்ன கோபம்?" என்று கேட்டார். அறுபது பேர் வேலை செய்யும் இடம். நாளைக்கே மூடினால் அறுபது பேரும் என் வீட்டு வாசலில் நிற்பார்கள். மேடு மறுபடி வளரும். மழை பெய்தால் சரியும். ஆர்சனிக் பத்து வருஷத்தில் கொல்லுமோ என்னவோ. அந்த மேடு ஒரே நாளில் நான்கு வீட்டைக் கொன்றது. இதற்கு உன் கூடத்தில் மருந்து இருக்கிறதா?

இன்னொன்று. எங்கள் ஆலை வாசலில் உன் அறிக்கையை ஒட்டியிருக்கிறார்கள். முதல் பக்கம் மட்டும். வந்த அன்று அதன் முன்னால் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். மீதிப் பக்கம் எங்கே என்று ஒரு வார்த்தை மேனேஜரிடம் கேட்டாயா? அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "நல்லா நடத்துறீங்க" என்றாய். மூன்றாம் பக்கம் எழுதினாய், சரி. அதன் பிறகு மூன்று வருஷம் என்ன செய்தாய்? இப்போது எல்லாப் பழியும் கல்லைச் சுமந்தவனுக்கு.

தெருவில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. என் வாயால்தானே எல்லோரும் வாங்கினார்கள். நம் வீட்டுக்கு மட்டும் ஆலையிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவருகிறேன். அது வெளியூரிலிருந்து லாரியில் வருவது. கேட்பவர்களிடம் வீட்டுக்காரிக்கு வயிற்றுக் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் உன்னை நம்பித்தான், போதுமா?

இனி கம்பெனிக்கு எழுதாதே.


18 ஆகஸ்ட் 1997

தம்பிக்கு,

நான்கு வருஷமாக நாம் எழுதிக்கொள்ளவில்லை. நீ சொன்னபடி நான் கம்பெனிக்கும் எழுதவில்லை. இங்கே என் மேலதிகாரி, "யாரு கேட்டு நீங்க சோதிச்சீங்க?" என்றார். அதோடு கோப்பை மூடிவிட்டேன். உன் வேலைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலைக்காகவும்தான்.

நேற்று காலை உன் பக்கத்து வீட்டு வெல்டர் இங்கே வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். முன் மேஜையில் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முழுக்கக் காய்ப்பு, சோளமணி மாதிரி. "வெல்டிங் பண்ற கைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். ஆனா என் பொண்டாட்டிக்கும் இருக்கு. அவ வெல்டிங் பண்றதில்ல" என்றார்.

எதற்குத் தண்ணீரைச் சந்தேகப்பட்டார் என்று கேட்டேன். "உங்க தம்பி வீட்டுக்கு கேன் வருதுங்க. வயித்துக் கோளாறுன்னு நாலு வருஷமா சொல்றாரு. நாலு வருஷமா ஒரு வயித்துக் கோளாறு இருக்குமா?"

சோதித்தேன். இப்போது பதினைந்து மடங்கு. சொன்னேன். அவர் பாட்டிலை மூடித் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். மேஜை இழுப்பறையிலிருந்து 1993ஆம் வருஷத்து முடிவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். உனக்கு எழுதியதையும் சொன்னேன். மூன்று பக்க அறிக்கையும் இரண்டு சோதனை முடிவுகளும் நகலெடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "என் சின்னப் பையன் அந்தக் கிணத்துத் தண்ணியில பொறந்து வளந்தவங்க" என்றார். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கடிதம் வரும் முன்பே அவர் அங்கே வந்திருப்பார். கதவைப் பூட்டிக்கொள்ளாதே. அவர் கேட்பதற்குப் பதில் சொல். பாப்பா கேனுக்கு முன்னால் மூன்று வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். அவளை என்னிடம் கூட்டி வா. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


6 அக்டோபர் 1997

பெறுநர்: முதுநிலைப் பரிசோதகர் அவர்கள்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

எங்கள் தெருவில் கிணறு மூடப்பட்டுவிட்டது. இரும்புத் தகடு வைத்து வெல்டர் பற்றவைத்தார். ஆலையும் மூடப்பட்டது. மேட்டை யாரும் வெட்டவில்லை. மழை தொடங்கிவிட்டது. வீடுகளை விட்டுப் போக எங்களுக்கு வேறு வீடுகள் இல்லை.

உடம்பில் ஏறிய விஷம் நகத்தில் தெரியும் என்பதால், தெருவார் கூடிப் பேசி, எல்லோருடைய நகத்தையும் சோதனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். ஆலையில் எழுதிப் பழகியவன் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். வேறு எதற்கும் இப்போது என்னிடம் யாரும் பேசுவதில்லை. தண்ணீர் லாரி வந்தால் என் வீட்டார் கடைசியில் நிற்கிறார்கள்.

இத்துடன் நாற்பத்திரண்டு பொட்டலங்கள் உள்ளன. வீட்டுக்கு ஒன்று. பெயர் எழுதவில்லை, வீட்டு எண் மட்டும் எழுதியிருக்கிறோம். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஆள்வாரியாகத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வயது குறித்திருக்கிறோம்.

பதினேழாம் பொட்டலத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் நகமும் இருக்கிறது. பாதத்தில் புள்ளிகள் இருக்கின்றன. பரிசோதிப்பவரின் உறவினர்களுடையதை வேறொருவர்தான் சோதிக்க வேண்டும் என்பது உங்கள் விதி என்று அறிகிறேன். அந்தச் சிறுமிக்கு அது பொருந்தாது. அவளுக்கு உங்கள் கூடத்தில் உறவினர் யாரும் இல்லை.

இப்படிக்கு,
தெருவாருக்காக,
பதினேழாம் எண் வீட்டுக்காரர்