வரி தெரியாமல் நீ கேட்ட பாட்டு

இன்று காலை நாமக்கல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண், போனில் ஏதோ கொரியப் பாட்டைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தாள். "என்ன சாமி அர்த்தம்?" என்றேன். "தெரியாதுங்க, நல்லாருக்குதுங்க" என்று சிரித்தாள். அதோடு என் நினைப்பெல்லாம் உன்னிடம் வந்துவிட்டது.

கோழிப்பண்ணையில் நீயும் நானும் பதினோரு வருஷம் எதிரெதிர் வரிசையில் முட்டை எடுத்தோம். ஷெட்டில் எந்நேரமும் ரேடியோ பாடும். சத்தம் பழகினால் கோழிகள் மிரளாது. எனக்கு ஒவ்வொரு பாட்டும் வரி பிசகாமல் மனப்பாடம். நீயோ வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்புவாய். "வார்த்தை தெரியாம என்ன பாட்டு? உப்பில்லாத சோறு" என்று கடிந்துகொள்வேன். "கோழிக்கு மட்டும் தெரியுதா புள்ள?" என்பாய்.

ஒடிசாவிலிருந்து சபிதா தன் புருஷனோடு வேலைக்கு வந்த வருஷம் அது. அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. ஒருநாள் காலை, துள்ளலான மெட்டில் ஏதோ பாடிக்கொண்டே முட்டை எடுத்தாள். சந்தோஷமாக இருக்கிறாள் என்று நானும் தாளம் போட்டேன். நீ கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைத்தாய்.

"ரேடியோவ நிறுத்து புள்ள. இவ அழுவறா."

"பாடறவளப் போயி அழுவறாங்கறயே!"

"தொண்டயக் கேளு."

நீ அவள் தோளைத் தொட்டதுதான் தாமதம், உன்மேல் சாய்ந்து கதறிவிட்டாள். அவள் புருஷன் ஓடிவந்து அரைகுறைத் தமிழில் சொன்னான். அவளுடைய அம்மா விடியற்காலையில் இறந்துவிட்டாராம். லீவு கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்து இருவரும் மறைத்திருக்கிறார்கள்.

நேராகப் பண்ணைக்காரரிடம் போனாய். "லோடு நிக்குது, ஆளில்லையே" என்றார் அவர்.

"அவ வரிசையவும் நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறமுங்க. அவள அனுப்பி வைங்க."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ! மத்தியானமே அவர்கள் சேலம் ஜங்ஷனுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை, முதுகு வலிக்க வலிக்க உன்னைத் திட்டிக்கொண்டே வேலை செய்தேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை உன்னிடம் சொன்னதே இல்லை.

வந்தபின் பாட்டின் பொருளை அவள் புருஷனிடம் கேட்டேன். நாத்தனாரின் கீரைப் பாத்தியை ஆட்டுக்குட்டி மேய்ந்துவிட்ட வேடிக்கைப் பாட்டாம். அவளுடைய அம்மா அதைப் பாடித்தான் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பாராம். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய்.

"நல்லவேளை எனக்கு வெளங்கல புள்ள. வெளங்கியிருந்தா நானுஞ் சிரிச்சிருப்பேன்."

பாட்டில் சொல் எனக்கு இன்னும் வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் போன ஆடியில், ஜலகண்டாபுரத்தில் மகள் வீட்டிலிருந்து நீ போன் செய்தாயே, "எனக்கென்ன புள்ள, நல்லாத்தான் இருக்கறேன். நீ ஊட்டு வேலயப் பாரு" என்று. பழைய நானாக இருந்தால் அதை அப்படியே நம்பியிருப்பேன். அன்று சொன்னதை விட்டுவிட்டுக் குரலைக் கேட்டேன். அடுத்த பஸ்ஸிலேயே ஏறினேன்.

கதவைத் திறந்த உன் மகள் அழுதுவிட்டாள். "உங்களுக்குச் சொல்ல வேண்டாம்னாங்களே அம்மா, எப்படிங்க சின்னம்மா தெரிஞ்சுது?"

படுத்த படுக்கையாகக் கிடந்த உன் பக்கத்தில், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார எனக்கு நான்கு நாள் கிடைத்தது. ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். அந்த நான்கு நாளும் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவை நீ எனக்குக் கொடுத்தவை.