பாயின் ரேடியோவில் என் வால்வு

வெள்ளிக்கிழமை, இரவு பத்தரை.

கரீம் பாயின் வால்வு ரேடியோவும் என்னுடையதும் ஒரே மாடல். எது நன்றாக எடுக்கும் என்று எங்களுக்குள் பல நாள் வாய்ச்சண்டை. ஜும்மாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பு மோட்டார்கள் நிற்கும்போதுதான் எங்கள் தெருவில் இரைச்சல் இல்லாமல் கேட்கும். அதனால் பாய் தன் செட்டை என்னிடம் நம்பிக் கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

ஒரே ஏரியல் ஒயரை மாற்றி மாற்றி மாட்டினேன். என்னுடையதில் நாலு ஸ்டேஷன், அவருடையதில் ஒன்பது. எனக்குப் பொறுக்கவில்லை. வால்வுதான் காரணமோ என்று அவருடையதைக் கழற்றினேன். சூடு ஆறவில்லை. கை நழுவி உடைந்தது. பயத்தில் என் வால்வை அதில் செருகினேன். அப்போதும் ஒன்பது. ஆக, வால்வு மேல் தப்பே இல்லை. அறிவாளி நான்தான் உடைத்தேன்.

பாய் வந்தார். "இன்னா, யாருது ஜெயிச்சுது?"

"உங்களுதுதான் பாய். என்னுது பேசவே மாட்டேங்குது."

"எங்க அத்தா போட்ட வால்வு, இன்னும் மாத்தல. பேஜாராவாதீங்க, ராத்திரிக்கு இத வெச்சிக் கேளுங்க" என்று விட்டுவிட்டுப் போனார்.

நான் உடைத்ததைப் பார்த்திருந்த என் மகள் முறைத்தாள். "சொல்லிடு நைனா."

சொல்லவில்லை. அந்த ரேடியோ எதிரில்தான் இருக்கிறது. போடக் கை வரவில்லை. உடைந்ததை ஷூ டப்பாவில் வைத்திருக்கிறேன். காலையில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். முதலில் டப்பாவைத்தான் நீட்ட வேண்டும். ரேடியோவை நீட்டினால் அவர் சிரிப்பார், அப்புறம் எனக்கு வாய் வராது.