உலக்கைப் பாட்டில் பாதி

1934, மாசி 3

இன்று எங்கள் வாசலில் இருந்தவர்கள்: மகன் அர்த்தனாரி, மருமகள் ராசம்மாள், பேத்தி முனியாயி, பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள், புளியஞ்சோலைப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்த வெள்ளைக்காரச் சாமியார் எஸ்தேவான், நான். கண்ணாயி இல்லை. இருக்கமாட்டாள். என் கொழுந்தன் பெண்டாட்டிதான். ஆனால் நான் கிண்டிய களியில் கட்டி இருந்ததென்று அர்த்தனாரி கல்யாணத்தில் பந்தி நடுவே சொன்னவள். பதினேழு வருஷமாகப் பேச்சில்லை. அன்று சிரித்தவர்கள் பதினொரு பேர். பேர் சொல்லவா?

சாமியாருக்கு ஊர் ஸ்பெயினாம். மலைப் பாட்டுகளை எழுதிப் புத்தகம் போடப்போகிறார். "பாவாயிக்குத் தெரியாத பாட்டு இந்த மலையில இல்லீங்க" என்று ஒருவர் அவரிடம் சொன்னார். சொன்னது நான்தான்.

பாட்டு எழுத இந்த நோட்டைக் கொடுத்தார். மகன் சிலேட்டை எட்டிப் பார்த்துக் கற்ற எழுத்து. கோழி கிளறியதுபோல் இருக்கிறது.

மாசி 5

சாமியார் பாட்டைப் பாட்டாகக் கேட்பதில்லை. பலாப்பழம்போல் பிளந்து சுளை எண்ணுகிறார். யார் என்பது எழுவாய், என்ன செய்தார் என்பது பயனிலையாம். தன் பேச்சில் 'காந்தோ' என்ற ஒரே சொல்லில் 'நான் பாடுகிறேன்' முழுதும் அடங்கிவிடும் என்று பெருமைப்பட்டார்.

"இதென்னங்க அதிசயம்? வாரேன்னு ஒருத்தி சொன்னா, யாரு வாரதுன்னா கேக்கறோம்?"

எழுதிக்கொண்டார். என்னமோ நான் பண்டிதை!

மாசி 6

மாட்டிக்கொண்டேன். உலக்கைப் பாட்டு. சாமை குத்தும்போது ஒரே உரலில் இருவர் எதிரெதிரே நின்று, அடிக்கு அடி மாற்றிப் பாடுவது. நான் தொடங்கினேன்:

பொறந்த ஊட்டுப் பாதையெல்லாம் புல்லு மூடி முள்ளு மூடி

"பாதை எழுவாய். பாதை என்ன செய்கிறது, அம்மா?"

"பாதை என்னங்க செய்யும்? கிடக்கும்."

"பாட்டு என்ன சொல்கிறது?"

அடுத்ததைப் பாடினேன். அதில் மேகம் இருந்தது, அது என்ன செய்தது என்று இல்லை. எட்டு அடியிலும் ஆள் உண்டு, செயல் இல்லை.

"எங்கள் பேச்சில் வினை எங்கும் நிற்கும். தமிழில் கடைசியில் வந்து கதவைச் சாத்தும். இங்கே எட்டுக் கதவும் திறந்து கிடக்கிறதே!"

சாத்துகிறவள் கண்ணாயி. எனக்கு எதிரே நின்று குத்தியவள் அவள்தான். அவள் பாடும்போது என் உலக்கை விழும். அவள் அடியில் ஒன்றுகூட – ஒன்றுகூட – எனக்குத் தெரியவில்லை.

"எல்லாம் நெனப்பிருக்குன்னியே, அப்பத்தா?" என்றாள் முனியாயி.

இருக்கிறதே. பதினொரு பேர் பல்லிளித்தது இருக்கிறதே!

மாசி 7

சாமியார் நாளை மறுநாள் இறங்குகிறார். பாதிப் பாட்டைப் புத்தகத்தில் போடமாட்டாராம். "கண்ணாயிச் சின்னத்தைகிட்டக் கேட்டாத் தீந்துது" என்கிறாள் ராசம்மாள். இவளை யார் கேட்டது?

மாசி 8

போனேன். நாலு கொல்லை தாண்டினால் அவள் வீடு. வழி முழுக்கப் புல்லும் முள்ளும், சேலை கிழிந்தது. சாமியாரையும் கூட்டிப் போனேன். தனியாகப் போக எனக்கு வீம்பு கொஞ்சமா?

கண்ணாயி ஒண்டியாகச் சாமை குத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாக்கா. களி கிண்டக் கத்துக்க வந்தியா?"

உதட்டைக் கடித்துக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த இன்னொரு உலக்கையை எடுத்தேன். 'புல்லு மூடி முள்ளு மூடி' என்று நிறுத்தினேன். அவள் உலக்கையைத் தூக்கினாள்:

போறவ காலடிக்குக் காத்துக் கெடக்குதக்கா

சாமியார் பென்சில் ஓடியது. எனக்குக் கண்ணில் உமி விழுந்துவிட்டது. ஏழாம் அடியில் நாக்குத் தடுமாறியது. அவளே என் அடியையும் பாடி, தன் அடியையும் பாடினாள்.

"என் பங்கு உனக்கு எப்படிடி தெரியும்?"

"பதினேழு வருசமா ஒண்டியாக் குத்தறேன். ரெண்டு பங்கையும் பாடாட்டி உலக்கை ஏறுமா?"

மாசி 9

சாமியார் இறங்கிவிட்டார். பாட்டின் கீழே எங்கள் இருவர் பேரையும் எழுதியிருக்கிறார். அவள் பேர் மேலே.

மாசி 14

வழியில் இருந்த முள்ளை அர்த்தனாரி வெட்டினான். நான் வெட்டச் சொல்லவில்லை. அரிவாளைத் தீட்டி அவன் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். இன்றும் போய்க் குத்திவிட்டு வந்தேன்.

சிரித்த பதினொரு பேரை விட்டுவிட்டேன். பாதிப் பேர் செத்தும் போய்விட்டார்கள். களியில் கட்டியும் இருந்தது. நான்தானே கிண்டினேன், எனக்குத் தெரியாதா? ஆனால் என் பங்கையும் சேர்த்துப் பாடிக்கொண்டு, இரண்டாம் உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, பதினேழு வருஷம் 'வா' என்று ஒரு சொல் சொல்லாமல் இருந்தாளே – அவளை மட்டும் மன்னிக்கவே மாட்டேன். எழுவாயை மட்டும் எழுதி வைக்கிறேன், கதவை அவள் வந்து சாத்தட்டும்:

கண்ணாயி.